அரசியின் கணவர் என் விருந்தாளி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சம்பவத்துக்காக எனக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. என்மேல் முறைப்பாடு வந்தது. அந்த விருந்தினரின் மிச்ச நிகழ்ச்சிகளிலிருந்து என்னை விலக்கினார்கள். முடிவு தெரிந்தபின் கேட்டால், நடுவில் நடந்ததை நீங்கள் சரியாகக் கவனிப்பீர்கள்.

ஓய்வுபெறும் வரைக்கும் நான் ஜேர்மனியில், ஹனோவரில், அரச விருந்தினர்களைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வந்தால், கூடவே வரும் கணவனுக்கோ மனைவிக்கோ துணையாக ஒருவர் வேண்டும். அந்த ஆள் நான். இப்போது அதே வேலையைப் பழக வந்திருக்கும் உங்களில் சிலர் பீலெஃபெல்டிலும் ஹனோவரிலும் வளர்ந்த எங்கள் ஈழத்துப் பிள்ளைகள், ஒருவர் டிரெஸ்டனில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளை என்று அறிந்தபோது, இதைத் தமிழிலேயே எழுதலாம் என்று தோன்றியது. எந்தக் கதவை எப்போது திறப்பது, யாரை எங்கே இருத்துவது என்பதெல்லாம் அவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சியில் சொல்லித்தருவார்கள். நான் எழுதப்போவது அதற்கு வெளியே உள்ள ஒரு நாளைப் பற்றி.

வந்தவர் ஒரு சிறிய நாட்டின் அரசி. நாட்டின் பெயர் இங்கே தேவையில்லை. அவரோடு கணவரும் வந்தார். அரசனின் மனைவி அரசி ஆகிவிடுகிறாள். அரசியின் கணவன் அரசன் ஆவதில்லை. அவரை இளவரசர் என்று அழைத்தார்கள். எழுபதைக் கடந்தவர், உயரமானவர், ஜேர்மன் மொழியை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவார்.

அவர்கள் வருவதற்கு முன்னர் எங்கள் தலைமை அம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். கடுமையான மனுசி. இந்த வேலையில் நான் அறிந்ததில் பாதி அவரிடம் திட்டு வாங்கி அறிந்தது. "எல்லோருடைய கண்ணும் அரசியின்மேல் இருக்கும். உன் கண் அங்கே போகக் கூடாது. உன் விருந்தாளி அவர். குழப்பம் வந்தால் அதை மட்டும் நினை" என்றார்.

முதல் நாள் விமான நிலையத்திலேயே ஒரு தவறு நடக்க இருந்தது. கார் நின்றதும் நான் இளவரசரின் பக்கக் கதவைத் திறந்துவிட்டேன். அவர் அசையவில்லை. கால் ஒன்றைக்கூட வெளியே வைக்கவில்லை. மறுபக்கத்தில் அரசி இறங்கி, நிமிர்ந்து, முதல் கையைக் குலுக்கிய பிறகுதான் இறங்கினார். என்னைக் கடந்து போகும்போது மெதுவாக, "இந்த வேலையில் நான் நிறைய நேரம் கார்களுக்குள்தான் இருந்திருக்கிறேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

அன்றைக்கு முழுவதும் அவரைக் கவனித்தேன். அவருக்கு ஒரு வேலை இருந்தது, அது வெளியே தெரியாத வேலை. அரசியிடம் யாராவது கையை விடாமல் பேசிக்கொண்டே நின்றால், இவர் போய் அந்த ஆளின் ஊரைப் பற்றி ஏதாவது கேட்பார். அந்த ஆள் இவர் பக்கம் திரும்புவார், அரசி நகர்ந்துவிடுவார். அரசிக்குக் குளிர்கிறது என்பது அரசிக்குத் தெரிவதற்கு முன்னர் இவருக்குத் தெரியும். போகும் இடத்தில் எத்தனை படி, எங்கே இருட்டு, யாருக்குக் காது கேளாது என்று முன்கூட்டியே எங்களிடம் விசாரித்து வைத்திருப்பார்.

மறுநாள் கால்வாயில் கப்பல்களை ஏற்றி இறக்கும் பெரிய மதகைப் பார்க்கப் போனோம். நான் அதுவரை கண்ட இளவரசர் வேறு, அங்கே கண்ட மனிதர் வேறு. கல்யாணத்துக்கு முன்னர் அவர் நீர்க்கட்டுமானப் பொறியியலாளராக இருந்தவராம். மதகின் பொறுப்பாளரிடம் போய்க் கதவின் எடை, தண்ணீரின் அழுத்தம் என்று கேட்கத் தொடங்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம். குனிந்து, கையால் காட்டி, "அப்படியானால் கீழே தேங்கும் சேறு..." என்று ஒரு கேள்வியைத் தொடங்கும்போது, தூரத்தில் அரசியின் கூட்டம் நகரத் தொடங்கியது. அவர் அதைக் கண்டார். கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, நன்றி சொல்லி, நடந்துவிட்டார்.

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். "கேள்வியை முடிக்கவில்லையே?"

நான் அவருக்குத் தலையாட்டிவிட்டு இளவரசரின் பின்னால் விரைந்தேன்.

மூன்றாம் நாள்தான் முக்கியமான நாள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவர்களுடைய நாட்டுக் கைதிகள் பலர் இறந்துபோன ஒரு முகாம் இருந்த இடத்தில் அஞ்சலிக் கூட்டம். உயிரோடு திரும்பியவர்களை அவர்களுடைய நாடே நெடுங்காலம் கோழைகளாக நடத்தியதாம். வேலை கொடுக்கவில்லை, பெயரைச் சொல்லவில்லை. அரசி அதற்காக மன்னிப்புக் கேட்கப் போகிறார். முன்வரிசைகளில் அந்தக் கைதிகளின் பிள்ளைகள். பிள்ளைகள் என்றாலும் எல்லோரும் தள்ளாத வயதுக்காரர். தகப்பனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு சிலர் இருந்தார்கள். தங்கள் நாட்டிலிருந்து பேருந்தில் வந்திருந்தார்கள்.

மண்டபத்துக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய அறைகள். ஒன்றில் அரசி. மற்றதில் இளவரசரும் நானும். அவர்களுடைய உதவி அதிகாரி, சீருடை அணிந்த ஒரு நடுவயதுக்காரர், நாற்காலிகளைப் பார்க்கப் போயிருந்தார்.

இளவரசர் தேநீர்க் கோப்பையை எடுத்தார். அது அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவர் தன் வலக்கையைப் பார்த்த விதத்தை நான் மறக்கவில்லை. வேறு யாருடையதோ ஒன்றைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். நான் துணியை எடுத்துக்கொண்டு போனேன். "மன்னிக்கவும், இந்தக் கடிதம்..." என்றார். கோப்பையைத்தான் சொன்னார். திரும்பவும் "கடிதம்" என்றார். தான் சொல்வது பிழை என்று அவருக்கே தெரிந்தது. வாயின் ஒரு ஓரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவரை நாற்காலியில் இருத்தினேன். கொஞ்ச நேரத்தில் கை அசைந்தது. விரல்களை மடக்கி நீட்டிக் காட்டினார். பேச்சும் நேராகிவிட்டது. "பாருங்கள், போய்விட்டது" என்று சிரித்தார்.

முதலுதவி வகுப்பில் நாங்கள் எல்லோரும் கேட்டதுதான். பாரிசவாதம், பக்கவாதம் என்றும் சொல்வார்கள், சில நேரம் இப்படி வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகும். பிறகு உண்மையாகவே வரும். போய்விட்டதே என்று விட்டுவிடக் கூடாத ஒன்று அது.

"வைத்தியரைக் கூப்பிடுகிறேன்" என்றேன்.

"வேண்டாம். பேச்சு முடியட்டும்."

"ஐயா, இது பொறுக்கக்கூடியது இல்லை."

"அம்மா," என்றார், குரலை உயர்த்தாமல், "மண்டபத்தில் எனக்குப் போட்ட நாற்காலியில் நான் இல்லாவிட்டால் ஏதோ நடந்திருக்கிறது என்று அவளுக்கு விளங்கிவிடும். வெளியே இருப்பவர்கள் இந்த ஒரு நாளுக்காகத் தங்கள் வாழ்நாள் முழுவதும் காத்திருந்தவர்கள். என்னால் அது கெட்டதாக இருக்க வேண்டாம். நீங்கள் யாரிடமும் சொல்லக் கூடாது. இது என் கட்டளை."

நான் வெளியே வந்தேன். பின்கதவடியில் இளவரசரின் காரோடு சிவம் அண்ணை நின்றார். பீலெஃபெல்ட்காரர், எங்களிடம் நெடுநாள் சாரதி.

"சிவம் அண்ணை, அம்புலன்ஸில நிக்கிற டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ஓடாதேங்கோ, ஆக்கள் பாப்பினம்."

"ஏன் தங்கச்சி, ஆருக்கு என்ன?"

"அவருக்குத்தான். கை விட்டுப்போச்சு, கதையும் பிசகினது. இப்ப சரியெண்டு சொல்லுறார்."

அண்ணை போய்க் கூட்டிக்கொண்டு வந்தார்.

வைத்தியர் இளம் வயதுக்காரர், கெட்டிக்காரர். உள்ளே போனதும் இளவரசர் என்னைப் பார்த்த பார்வையில் சூடு இருந்தது. வைத்தியர் சோதித்தார், கேட்டார், உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்றார். இளவரசர் மரியாதையாக மறுத்தார். வைத்தியர் மறுபடியும் சொன்னார். இவர் மறுபடியும் மறுத்தார். வைத்தியர் என்னை வாசலுக்குக் கூட்டி வந்தார்.

"தெளிவாக இருக்கிறார். தன் நிலை அவருக்கு விளங்குகிறது. வேண்டாம் என்று சொல்லும் மனிதரை நான் தூக்கிக்கொண்டு போக முடியாது. அவர் யார் சொன்னால் கேட்பார்?"

யார் சொன்னால் கேட்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்ததுதான்.

உதவி அதிகாரி அப்போதுதான் திரும்பி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் முகம் மாறியது. ஆனால் அவர் கதவுக்கு அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார், கமெராக்களைப் பார்த்தார். "பேச்சு முடியட்டும். இளவரசரின் விருப்பம் அதுதானே. இப்போது அரசியிடம் யாரும் போகக் கூடாது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. தன் கடமை அரசி என்று நினைத்தார். அது சரிதான், அவர் பார்க்க வேண்டியவர் அரசி.

நான் நடைவழியில் நின்றேன். அங்கே நின்ற நேரம் எவ்வளவு என்று தெரியாது. நான் நினைத்தது பிழையாக இருந்தால்? ஒன்றுமில்லாத ஒரு தலைச்சுற்றுக்காக, இத்தனை முதியவர்கள் காத்திருந்த ஒரு மன்னிப்பை நான் குழப்பிவிட்டால்? சரியாக இருந்து, நான் பேசாமல் நின்றுவிட்டால்? சிவம் அண்ணை என் பக்கத்தில் வந்தார்.

"நான் ராணியிட்டப் போகப்போறன், அண்ணை."

"விசரே உங்களுக்கு? அவையளுக்குக் கிட்டப் போக எங்களுக்கு ஏலாது. வேலை போயிடும்."

"ஓம், போகும்."

"அதுக்குப் பேந்து?"

"பேந்து என்னெண்டு எனக்கும் தெரியாது. அந்த மனுசன் எல்லாருக்கும் முன்னால கதிரையில இருந்து சரிஞ்சா, நான் வேலையில இருந்து என்ன செய்யப்போறன்?"

அவர் கார்ச் சாவியை எடுத்தார். "அப்ப போங்கோ. நான் காரைப் பின்னுக்கு எடுத்து அம்புலன்ஸுக்கு வழி விடுறன்."

அரசியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உதவி அதிகாரி எனக்கு முன்னால் வந்து கையை நீட்டி மறித்தார். அவருடைய தோளுக்கு மேலால் அரசி தெரிந்தார், கறுப்பு உடையில், ஒரு முதிய பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்களிடம் எங்களைப் போன்றவர்கள் தாங்களாக வாய் திறப்பதில்லை. நீங்களும் அதைத்தான் படிக்கிறீர்கள். நான் திறந்தேன். கத்தவில்லை, ஆனால் கேட்கும்படி சொன்னேன்.

"அரசியாரே, உங்கள் கணவருக்குச் சுகமில்லை. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அவர் மறுக்கிறார்."

அரசி திரும்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முதிய பெண்ணிடம் ஏதோ சொல்லி, அவருடைய கையை மெதுவாக விட்டுவிட்டு வந்தார்.

"என்னிடம் சொல்லக் கூடாது என்றாரா?"

"ஓம் என்றுதான் சொல்ல வேண்டும். கட்டளை என்றார்."

"அப்படித்தான் சொல்வார்" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து நடந்தார்.

இளவரசர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர்கள் முதலில் தங்கள் மொழியில் பேசினார்கள். எனக்கு விளங்கவில்லை, ஆனால் இளவரசர் தன் வலக்கையைத் தூக்கி விரல்களை ஆட்டிக் காட்டியது விளங்கியது. பிறகு அரசி, வைத்தியருக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ, ஜேர்மனில் சொன்னார்.

"காலியாக இருக்கும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியும். நீங்கள் அதிலிருந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது. போங்கள்."

வைத்தியர் பிடிக்க வந்தபோது அவர் கையைத் தட்டிவிட்டுத் தானே நடந்தார். அரசி அங்கேயே நின்று அவர் போவதைப் பார்த்தார். பிறகு திரும்பி மண்டபத்துக்குப் போனார். கணவனோடு போயிருக்கலாமே என்று பிறகு சிலர் என்னிடம் கேட்டார்கள். வெளியே படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர்களை அவர்கள் பார்க்கவில்லை.

நான் இளவரசரோடு அம்புலன்ஸில் ஏறினேன். அவர் என் விருந்தாளி.

ஏறும்போது உதவி அதிகாரி என் காதோரம், "கோபம் வந்தால் அவர் நாள் முழுக்க வாய் திறக்கமாட்டார். நீங்கள் பேச்சுக் கொடுக்காதீர்கள்" என்றார். அது உண்மைபோலவே இருந்தது. இளவரசர் படுத்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். வைத்தியர் மறுபடியும் சோதித்தார், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எந்த வாசலால் உள்ளே எடுப்பது என்று வைத்தியசாலையோடு தொலைபேசியில் பேசத் தொடங்கினார்.

நான் மெதுவாக, "குளிர்கிறதா?" என்று கேட்டேன். பதில் இல்லை. "தண்ணீர் வேண்டுமா?" பதில் இல்லை. வைத்தியர் என்னைப் பார்த்து, விடுங்கள், கோபமாக இருக்கிறார் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது? கோபக்காரனின் மௌனமும் நோயாளியின் மௌனமும் வெளியே ஒன்றுபோல இருக்கும். மறுபடியும் பேச்சுக் கொடுத்தால் அவமதிப்பு. கொடுக்காவிட்டால்? அவர் எந்தக் கோபத்திலும் பதில் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு கேள்வி எனக்கு வேண்டியிருந்தது.

"ஐயா, நேற்று மதகில் சேற்றைப் பற்றி ஏதோ கேட்க வந்தீர்களே. என்ன கேட்க நினைத்தீர்கள்?"

அவர் தலையைத் திருப்பினார். கண்ணில் கோபம் இல்லை. சொல்ல வேண்டும் என்ற ஆசை தெரிந்தது. வாயைத் திறந்தார். வந்தது பேச்சு இல்லை. ஒரு ஒலி. மறுபடியும் முயன்றார். அதே ஒலி. பிறகு அவருடைய கண்ணில் பயம் வந்தது. இத்தனை வருடம் மற்றவர்களின் பயத்தைப் போக்கிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"டொக்டர்!" என்றேன். அவர் தொலைபேசியில் பேசிக்கொண்டே திரும்பினார், பார்த்தார், அந்த அழைப்பிலேயே எல்லாவற்றையும் மாற்றிச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஆட்கள் ஆயத்தமாக நின்றார்கள். நான் அவருடைய இடக்கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விருந்தினரைத் தொடக் கூடாது என்பதும் எங்கள் விதிகளில் ஒன்று.

அவர் பிழைத்தார். மூளையில் அடைத்த இரத்தக்கட்டியை நேரத்தோடு எடுத்துவிட்டார்கள். பேச்சு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, கால் முழுதாகத் திரும்பவில்லை. அதன் பிறகு அவர் அரசியோடு எந்தப் பயணமும் போகவில்லை. தொலைக்காட்சியில் அரசி தனியே விமானத்தால் இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு ஏதோ செய்யும். உயிரைக் காப்பாற்றப் போய் அந்த மனிதரின் வேலையை நான்தான் முடித்துவைத்தேனோ என்று நினைப்பேன். அவர் நாற்காலியில் இருந்திருந்தால் எது நடந்திருக்கும் என்பதும் தெரியும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முறைப்பாடு மறுநாள் காலையே வந்தது. கட்டளையை மீறியது, அனுமதியில்லாமல் அரசியிடம் பேசியது. இரண்டும் உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை. தலைமை அம்மா அதை என் முன்னால் வாசித்தார். "நீ நிகழ்ச்சியிலிருந்து விலக வேண்டும். அவர்கள் கேட்கிறார்கள், நான் மறுக்க முடியாது" என்றார். பிறகு, "அடுத்த மாதம் ஒரு குழு வருகிறது. அதில் உன்னைத்தான் போட்டிருக்கிறேன்" என்றார். அவரிடமிருந்து அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் வாங்கியதில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. விதிகளைப் படியுங்கள். அவற்றில் பெரும்பாலானவை நல்ல காரணத்துக்காக எழுதப்பட்டவை. உங்கள் முன்னால் இருப்பவரையும் படியுங்கள். அவருக்கு எது பிடிக்கும், எதைப் பாதியில் விட்டார் என்று தெரிந்து வைத்திருங்கள். விதியை மீற வேண்டிய நாள் வந்தால் அதன் விலையைக் கொடுக்க ஆயத்தமாக மீறுங்கள். பிறகு யாரும் நன்றி சொல்வார்கள் என்று பார்த்திருக்காதீர்கள்.

ஆனால் அந்த நாளை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அறையோ அம்புலன்ஸோ இல்லை. வைத்தியசாலை நடைவழி.

அரசி பேச்சை முடித்துவிட்டு நேரே வந்தார். பேச்சு நன்றாக அமைந்தது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள், ஒரு இடத்திலும் குரல் உடையவில்லையாம். அஞ்சலிக்காகச் சட்டையில் குத்திய வெள்ளைப் பூ இன்னும் இருந்தது. பாதுகாவலர்கள் நடைவழியின் இரு முனையிலும் நின்றார்கள். அவர்களுடைய நாட்டுத் தூதரும் உதவி அதிகாரியும் தள்ளி நின்றார்கள். அரசி நடுவில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல் இரு பக்கமும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"இங்கே நான் எங்கே இருக்க வேண்டும்?"

சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் காட்டினேன். இருந்தார்.

"உள்ளே போக நான் கேட்க வேண்டுமா, அவர்களாகக் கூப்பிடுவார்களா?"

"கூப்பிடுவார்கள். சில நேரம் நெடுநேரம் எடுக்கும்."

அவர் தலையாட்டினார். "எனக்கு இதெல்லாம் தெரியாது. எங்கே போனாலும் அவர் முன்கூட்டியே கேட்டு வைத்திருப்பார்."

இயந்திரத்திலிருந்து கோப்பி எடுத்து வந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், குடிக்கவில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் நிமிர்ந்தார். ஒவ்வொரு தடவையும் வேறு யாருக்கோ வந்தார்கள்.

கடைசியில் பச்சை உடுப்போடு ஒரு பெண் வைத்தியர் வந்தார். களைத்த முகம், யாரையும் அடையாளம் காணும் நிலையில் இல்லை. கையில் இருந்த தாளைப் பார்த்து ஒரு குடும்பப் பெயரை வாசித்து, "இவருடைய உறவினர்கள்?" என்று கேட்டார். அது இளவரசர் பிறந்த வீட்டுப் பெயர், யாரும் புழங்காத பெயர். அரசி அசையவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்தார்.

நான் குனிந்து, "உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்றேன்.

தூதர் அவசரமாக முன்னால் வந்தார். உதவி அதிகாரியும் வந்து, "இவர் மாட்சிமை பொருந்திய..." என்று தொடங்கினார். அரசி எழுந்து, கோப்பியை என் கையில் தந்தார். அதிகாரியைத் தாண்டிப் போய் வைத்தியருக்கு முன்னால் நின்றார்.

"நான் அவருடைய மனைவி" என்றார்.